விழாவுக்கு முன் வகுப்பு: வன்னியின் கூத்து இசைக்குப் பொது ஆதரவு திரட்டும் வழிமுறை

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கோர்னெட் என்னும் பித்தளை ஊதுகருவியை வாசித்த பட்டி போல்டன் என்பவரே ஜாஸ் இசைக்கு முதல் உருக்கொடுத்தவர் என்று அந்த நகரத்து முதிய கலைஞர்கள் பலர் சொல்லி வைத்தார்கள். 1907இல் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் 1931இல் இறந்தார். அவர் வாசித்ததில் ஒரு நொடிகூட இன்று எவரிடமும் ஒலிப்பதிவாக இல்லை. இந்தச் செய்தியை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு இலங்கையின் வன்னிப் பகுதியில், முல்லைத்தீவுப் பக்கத்து அண்ணாவியார் ஒருவரின், அதாவது கூத்தைப் பழக்கி நடத்தும் ஆசான் ஒருவரின், நினைவு வந்தது. கொப்பியைப் பாராமல் கோவலன் கூத்தை விடியும்வரை பாடக்கூடிய அவரை நான் கைத்தொலைபேசியில் இரண்டு மணித்தியாலம் பதிவு செய்திருந்தேன். பிரதி எடுக்காமல் வைத்திருந்த மெமரி கார்ட் மூன்றாம் மாதம் பழுதாகிவிட்டது. அது பழுதானது தெரியவந்தபோது அவர் காலமாகியிருந்தார். கீழே எழுதுவனவற்றுள் பெரும்பாலானவை அந்த இழப்புக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவை.

முல்லைத்தீவின் கோவலன் கூத்து, வன்னியின் பல ஊர்களில் ஆடப்படும் காத்தவராயன் சிந்துநடைக் கூத்து, மன்னார்க் கத்தோலிக்க ஊர்களின் வடபாங்கு, தென்பாங்கு நாடகங்கள், அருவி வெட்டுப் பாடல்கள், சூடுமிதிப்புப் பாடல்கள், கண்ணகை அம்மன் கோயில்களில் பொங்கலோடு பாடப்படுபவை ஆகிய இவையெல்லாம் ஏட்டைவிடக் காதிலும் கையிலுமே அதிகம் வாழ்பவை. ஜாஸும் அவ்வாறே வளர்ந்தது. அந்த இசைக்குப் பொதுப்பணமும் பொதுக் கவனமும் எந்த வரிசையில் வந்து சேர்ந்தன என்பதைப் பார்த்தால், எங்கள் ஊர்களில் நாம் எதை முதலில் செய்யவேண்டும், எதைப் பிறகு கேட்கவேண்டும் என்பது தெளிவாகும். நான் கண்ட அளவில் நம்மவர்கள் முதலில் விழாவைக் கேட்கிறார்கள். முதலில் வேண்டியது பதிவு. இரண்டாவது கற்பிப்பவருக்குக் கொடுப்பனவு. மேடை அவற்றுக்குப் பின்னரே வரவேண்டும்.

ஜாஸுக்கு ஆதரவு வந்த வரிசை

1938ஆம் ஆண்டு நாட்டாரிசை சேகரிப்பாளர் அலன் லோமாக்ஸ், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சிறிய அரங்கொன்றில் ஜெல்லி ரோல் மோர்ட்டன் என்ற பியானோக் கலைஞரை அமர்த்தி, எட்டு மணித்தியாலத்துக்கும் மேலாக அவருடைய பேச்சையும் வாசிப்பையும் பதிவு செய்தார். மோர்ட்டன் பாட்டுகளை மட்டும் வாசிக்கவில்லை. ஒரு மெட்டு முன்னர் எப்படி இருந்தது, தாம் அதை எப்படி மாற்றினார், இடக்கை என்ன செய்யவேண்டும் என்று சொல்லிச் சொல்லி வாசித்துக் காட்டினார். மூன்று ஆண்டுகள் கழித்து அவர் இறந்துவிட்டார். 1958இல் நியூ ஓர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகம், ஃபோர்ட் அறக்கட்டளையின் உதவியோடு, அந்நகரத்து முதிய கலைஞர்களின் வாய்மொழி வரலாற்றைச் சேர்க்கும் ஆவணக் காப்பகம் ஒன்றைத் தொடங்கியது. 1961இல் பிரிசர்வேஷன் ஹோல் என்ற சிறிய மண்டபம் அங்கே திறக்கப்பட்டு, வேலையில்லாமல் இருந்த முதிய கலைஞர்களுக்கு இரவுதோறும் வாசிக்க ஓர் இடம் கிடைத்தது.

அரசு முறைப்படி வாய் திறந்தது அதற்கும் பிறகுதான். 1982இல் தேசியக் கலை நிதியம் ஜாஸ் மேதைகளுக்கு ஆண்டுதோறும் நிதியோடு கூடிய கௌரவம் அளிக்கத் தொடங்கியது. ரோய் எல்ட்ரிஜ், டிஸ்ஸி கில்லெஸ்பி, சன் ரா ஆகிய மூவரும் முதலில் அதைப் பெற்றார்கள். 1987இல் ஜோன் கோனியர்ஸ் என்ற உறுப்பினர் முன்வைத்த தீர்மானத்தின் மூலம், ஜாஸ் ஓர் அரிய தேசியச் செல்வம் என்றும் அதைப் பேணவும் விளங்கிக்கொள்ளவும் பரப்பவும் கவனமும் வளமும் ஒதுக்கப்படவேண்டும் என்றும் அமெரிக்கக் காங்கிரஸ் அறிவித்தது. அந்தத் தீர்மானத்தில் ஒரு சதமும் ஒதுக்கப்படவில்லை. ஆயினும் 1990இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பழைய ஜாஸ் ஆக்கங்களை வாசிக்கும் இசைக்குழு ஒன்று காங்கிரஸின் நிதியோடு தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் ஜாஸ் பேணலுக்கும் கல்விக்கும் தனியாகப் பணம் ஒதுக்கவென்று கோனியர்ஸ் கொண்டுவந்த சட்டமூலம், திரும்பத் திரும்ப முன்வைக்கப்பட்டும் நிறைவேறவில்லை. நீண்டகாலம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டிய வேலை இது என்பதற்கு இதையும் மனத்திற்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். 1950களிலேயே அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் ஜாஸ் கலைஞர்களைப் பொதுப்பணத்தில் உலகமெங்கும் அனுப்பியது. டேவ் புருபெக் 1958இலும் டியூக் எலிங்டன் 1963இலும் அப்படித்தான் இலங்கைக்கு வந்தார்கள். வெளிநாட்டவர்முன் காட்டுவதற்குக் கிடைத்த அந்தப் பணத்தைப்போல், உள்ளூர்ப் பிள்ளைக்குக் கற்பிப்பதற்குப் பணம் அத்தனை எளிதாகக் கிடைக்கவில்லை. இந்த வேறுபாடு எங்களுக்கும் நன்றாகத் தெரிந்ததே. வரவேற்பு நிகழ்வுக்குக் கூத்து ஆட வாருங்கள் என்று கடிதம் வரும். மத்தளத்துக்குத் தோல் மாற்றப் பணம் கேட்டால் பதில் வராது.

எங்கள் பக்கத்திலும் முன்னுதாரணம் இல்லாமலில்லை. 1960களில் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன், ஊர் ஊராகச் சென்று அண்ணாவியார்களைச் சந்தித்து, அவர்களை ஓரிடத்தில் கூட்டி, கூத்து ஏடுகளை அச்சேறச் செய்தார். மன்னார் நாடகங்களும் அவற்றுள் அடங்கும். அச்சில் வந்த சொற்கள் இன்றும் இருக்கின்றன. அந்தச் சொற்களைத் தாங்கிய மெட்டும் தாளக்கட்டும் அதே அளவுக்குச் சேமிக்கப்படவில்லை. 2009 வரையிலான இடப்பெயர்வுகளில் கொப்பிகளும் மத்தளங்களும் வீடுகளோடு கைவிடப்பட்ட பிறகு, பல ஊர்களில் எஞ்சியிருப்பது ஒருவர் அல்லது இருவரின் நினைவு மட்டுமே.

முதற்பணி: பதிவு

எந்த அலுவலகத்துக்கும் கடிதம் எழுதுவதற்கு முன்னர், உங்கள் பிரதேசத்தில் பாடக்கூடியவர்கள், மத்தளம் அடிக்கக்கூடியவர்கள், பிற்பாட்டுப் பாடக்கூடியவர்கள் (முன்பாடுபவரின் அடியைப் பின்னின்று எடுத்துப் பாடுபவர்கள்) யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். வயது, பழகிய கூத்து, யாரிடம் பழகினார், உடல்நிலை ஆகிய நான்கும் அதில் இருக்கவேண்டும். வயது கூடியவரிடமும் நோயாளியிடமும் முதலில் செல்லுங்கள். இப்போது ஆடுவதில்லை என்று ஒதுங்கியிருப்பவர்களையும் கோயிலுக்குப் பறை முழக்கிய குடும்பங்களின் முதியவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஜாஸை ஆக்கித் தந்த கறுப்பின மக்கள், தாங்கள் வாசித்த அதே விடுதிகளில் பார்வையாளராக அமர முடியாத காலம் இருந்தது. இசை புகழ்பெற்ற பிறகும் அதன் வருவாய் பெரும்பாலும் வேறு கைகளுக்கே போனது. எங்கள் ஊர்களிலும் முழவைக் காப்பாற்றித் தந்தவர்களை வாசலில் நிறுத்திவிட்டு முழவுக்கு விழா எடுத்த கதைகள் உண்டு. பட்டியலில் அவர்களுடைய பெயர்கள் முதலிலேயே வராவிட்டால், பின்னர் வரும் பணமும் அவர்களைச் சென்றடையாது.

பதிவுக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கையடக்க ஒலிப்பதிவுக் கருவி கிடைத்தால் மிக நல்லது. இல்லாவிட்டால், சுருக்காத வேவ் கோப்பாகப் பதியும் செயலியை நிறுவிய கைத்தொலைபேசியே போதும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் அளவில் ஸ்டீரியோவாகப் பதிந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி இடம் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுக்கொண்டு புறப்படுங்கள். எம்பி3 வடிவம் பகிர்வதற்கு ஏற்றது. ஆனால் மூலப்பதிவை அதில் வைத்தால் மத்தளத்தின் நுண்ணொலிகள் இழக்கப்படும். தகரக் கூரையின் கீழும் நான்கு பக்கமும் சீமெந்துச் சுவருள்ள அறையிலும் ஒலி எதிரொலிக்கும். ஓலைக் கொட்டிலோ மர நிழலோ சிறந்தது. மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்துங்கள். கருவியை மத்தளத்துக்கு மிக அருகில் வைத்தால் குரல் அமுங்கிவிடும். ஆகையால் பாடுபவரின் வாய்க்கு எதிரே, ஒரு கை நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் வைத்து, முதலில் உரத்த பகுதியொன்றைப் பாடச் சொல்லி ஒலியளவு முள் சிவப்பைத் தொடாதபடி குறைத்துக்கொள்ளுங்கள். பதிவின் தொடக்கத்தில் திகதி, ஊர், பாடுபவரின் பெயர், கூத்தின் பெயர் ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் எவ்வளவு மாறினாலும் குரல் மாறாது.

என்ன பதிவது என்பதில்தான் மோர்ட்டனின் பதிவு எனக்கு ஆசானாயிற்று. ஒவ்வொரு பாட்டையும் முதலில் களரியில், அதாவது கூத்தாடும் அரங்கில், பாடுவதுபோல் முழுமையாகப் பாடச் செய்யுங்கள். பிறகு அதே பாட்டை மெதுவாக, சொற்கள் விளங்கப் பாடச் செய்யுங்கள். மூன்றாவதாகச் சொற்கட்டை, அதாவது தாளத்துக்குரிய சொற்களை, வாயால் சொல்லவும், நான்காவதாக மத்தளத்தில் வலந்தலையையும் இடந்தலையையும் தனித்தனியே அடித்துக் காட்டவும் கேளுங்கள். இறுதியாக, இந்தப் பாட்டை யாரிடம் பழகினீர்கள், வேறு ஊரில் எப்படிப் பாடுவார்கள், எந்த இடத்தில் பிள்ளைகள் பிழைவிடுவார்கள் என்று கேட்டு, இடைமறிக்காமல் இருங்கள். எங்கள் ஊர் அண்ணாவியார் ஒருவரிடம் வரவுத் தரு ஒன்றை, அதாவது பாத்திரம் களரிக்கு வரும்போது பாடும் பாட்டொன்றை, இப்படிப் பதிந்தபோது, ஈற்றடியைப் பிற்பாட்டுக்காரர் எடுக்கவேண்டிய இடத்தில் அவருடைய வலக்கை ஓர் அடியைச் சற்றுத் தாமதித்து விழுவதைக் கவனித்தேன். மெதுவாகப் பாடியபோதும் அதே தாமதம் இருந்தது. கேட்டேன். "பின்னுக்கு நிக்கிறவனுக்கு அதுதான் தம்பி கூப்பிடுறது" என்று சொல்லி, முழங்காலில் இருமுறை தட்டிக் காட்டினார். கொப்பியில் அந்த இடத்தில் ஒரு கோடும் இல்லை. அச்சிட்ட ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கூத்தை மீட்க முயல்பவருக்கு அந்த அழைப்பு என்றைக்கும் கிடைத்திருக்காது. ஒருவர் அழைக்க மற்றவர் எடுத்துச் செல்லும் இந்தப் பழக்கம் ஜாஸின் உயிர்நாடிகளுள் ஒன்று என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன்.

பதிந்த அன்று இரவே மூன்று பிரதிகள் எடுங்கள்: ஒன்று கணினியில், ஒன்று தனியான வன்தட்டில், ஒன்று வேறு ஊரில் இருப்பவரிடம். நூலக நிறுவனம் தன் எண்ணிமக் காப்பகத்தில் நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் பேணிவருகிறது. அங்கே சேர்ப்பித்தால் உங்கள் வீட்டுக் கூரை ஒழுகினாலும் பதிவு பிழைக்கும்.

பதிவுக்கு முன்னர் அனுமதி பெறவேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துநருக்குத் தம் நிகழ்த்துகையின் பதிவின்மீது உரிமை தருகிறது. ஒரு பக்கத் தாளில், தெளிவான தமிழில், இந்தப் பதிவு கற்பித்தலுக்கும் பேணலுக்கும் பயன்படும், விற்கப்படாது, எந்தப் பகுதியை வெளியிடக் கூடாது என்று கலைஞர் கூறுகிறார் என்ற மூன்றையும் எழுதி, வாசித்துக் காட்டி, ஒப்பமிடச் செய்து, ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள். கோயிலில் மட்டும், குறித்த நாளில் மட்டும் பாடவேண்டியவை என்று அவர்கள் கருதும் பாடல்கள் உண்டு. அவற்றைப் பதிய ஒப்புக்கொண்டாலும் இணையத்தில் ஏற்றாதீர்கள்.

வகுப்பைத் தொடங்குதல்

1970களின் தொடக்கத்தில் டானி பார்க்கர் என்ற பாஞ்சோக் கலைஞர், நியூயோர்க்கில் நீண்டகாலம் வாசித்துவிட்டுப் பிறந்த ஊரான நியூ ஓர்லியன்ஸுக்குத் திரும்பியிருந்தவர், அயலிலிருந்த ஃபெயர்வியூ பப்டிஸ்ட் தேவாலயத்தின் ஆதரவில் பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஊர்வல வாத்தியக்குழுவை அமைத்தார். தெருவில் வாசிக்கும் பழைய மரபு இளையவர்களிடம் அற்றுப்போய்க்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் குழுவில் பழகிய பிள்ளைகளுள் லெரோய் ஜோன்ஸ், வின்ரன் மார்சாலிஸ், பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ் ஆகியோர் பின்னர் பெரிய கலைஞர்களானார்கள். அந்தக் குழுவைத் தொடங்கப் பார்க்கர் எந்தப் பெரிய நிதிக்காகவும் காத்திருக்கவில்லை. ஒரு தேவாலயமும், கற்பிக்கத் தெரிந்த ஒருவரும், வாரந்தோறும் கூடும் பிள்ளைகளும் போதுமாக இருந்தன. எங்களுக்கும் கோயில், தேவாலயம், சனசமூக நிலையம் ஆகியவற்றுள் ஒன்று எல்லா ஊரிலும் இருக்கிறது.

ஒன்பது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். பெண்பிள்ளைகளையும் ஆண்பிள்ளைகளைப் போலவே மத்தளத்தில் அமர்த்துங்கள். காலபோக அறுவடை முடிந்து வீடுகள் ஓயும் மாசி, பங்குனி மாதங்களில் தொடங்கினால் அண்ணாவியாருக்கும் பெற்றோருக்கும் நேரம் கிடைக்கும். பாடசாலைப் பரீட்சை வாரங்களை முன்கூட்டியே நீக்கி அட்டவணை போடுங்கள். முதல் ஒரு மாதம் எவர் கையிலும் மத்தளத்தைக் கொடுக்கவேண்டாம். "தாதெய்யத்தா தெய்" என்ற சொற்கட்டை வாயால் சொல்லிக் கையால் தாளம் போடவும், ஒரே தருவைப் பிற்பாட்டாக எடுக்கவும் பழகட்டும். ஜாஸ் பயில்பவர்கள் ஓர் இசைத்தட்டின் ஒரு சிறு பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, முதலில் பாடி, பிறகே கருவியில் எடுப்பார்கள். நீங்கள் செய்த மெதுவான பதிவுகள் அதற்காகவே. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக் கைத்தொலைபேசிக்கும் வாரத்துக்கு ஒரு பாட்டை அனுப்புங்கள்.

பாடசாலையோடு இணைவது பயன் தரும். க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாக இருப்பதால், அந்தப் பாட ஆசிரியருக்கு உங்கள் பதிவுகள் நேரடியாக உதவும். தமிழ் மொழித் தினப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைப் பழக்குவதையும் நான் மறுக்கமாட்டேன். ஆனால் போட்டி நேரத்துக்கேற்ப வெட்டிய சில நிமிடக் கூத்தையே முழுக் கூத்தென்று பிள்ளைகள் எண்ணிவிடும் ஆபத்து உண்டு. ஆண்டில் ஒரு தடவையாவது வெள்ளுடுப்பு ஒத்திகையை (வேட உடுப்பின்றி வெள்ளுடையில் ஆடும் ஒத்திகையை) மாலையில் தொடங்கி, இயலும்வரை முழுமையாக நடத்துங்கள். இரவு நீள நீள அண்ணாவியார் தாளத்தை எப்படித் தாங்கிப் பிடிக்கிறார், களைத்த ஆட்டக்காரருக்காக ஓர் அடியை எப்படித் திருப்பி எடுக்கிறார் என்பதை வேறு எவ்விதத்திலும் கற்பிக்க முடியாது.

எதை, எங்கே, எப்போது கேட்பது

முதலில் உங்கள் குழுவைக் கலைமன்றமாகப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்து, மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் திறவுங்கள். பதிவில்லாத குழுவுக்கு நல்லெண்ணம் கொண்ட அலுவலர்கூடப் பணம் கொடுக்க முடியாது. பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரே உங்களுக்கு முதல் வாசல். மத்திய அரசின் கலாசார அலுவல்கள் திணைக்களம், வடமாகாணத்தின் பண்பாட்டலுவல்கள் பிரிவு ஆகிய இரண்டின் வாய்ப்புகளும் பெரும்பாலும் அவர் வழியாகவே தெரியவரும். ஊரில் அறுபது வயதைக் கடந்த தகுதியான கலைஞர்கள் இருப்பின், கலாபூஷணம் விருதுக்கான விண்ணப்பத்தை அவர்களுக்காக நீங்களே நிரப்பிக் கொடுங்கள். எழுத்து வேலைக்குத் தயங்கியே பலர் அந்தக் கௌரவத்தைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

அரசின் நிதியாண்டு தை (ஜனவரி) மாதம் முதலாம் திகதி தொடங்குகிறது. பிரதேச சபைகள் தங்கள் பாதீட்டை ஆண்டின் இறுதி மாதங்களில் நிறைவேற்றுகின்றன. எனவே உங்கள் கோரிக்கை ஆவணி, புரட்டாதிக்குள் மேசையில் இருக்கவேண்டும். மார்கழியில் கொண்டுபோகும் கடிதம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்ற பதிலையே பெற்றுத்தரும்.

பணத்துக்கு முன்னர், பிரதேச சபையிடம் ஒரு தீர்மானத்தைக் கேளுங்கள். இந்தப் பிரதேசத்தின் இன்ன கூத்து மரபு பேணப்படவும் கற்பிக்கப்படவும் வேண்டிய பொதுச்சொத்து என்று சபை இரண்டு வரியில் நிறைவேற்றுவதற்குச் செலவில்லை. எதிர்ப்பும் பெரும்பாலும் இராது. ஆனால் அதன் பிறகு நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் தீர்மானத்தின் திகதியையும் இலக்கத்தையும் குறிப்பிடலாம். 1987ஆம் ஆண்டுத் தீர்மானம் ஜாஸ்காரர்களுக்கு அப்படித்தான் உதவியது. நாடாளுமன்ற உறுப்பினர்களை அணுகும்போது, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களும் வன்னித் தேர்தல் மாவட்டத்திலும், கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலும் அடங்குகின்றன என்பதைக் கருத்தில் வையுங்கள். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் உங்கள் விடயத்தைச் சேர்க்குமாறு எழுத்தில் கேட்பது, வாசலில் நின்று வாய்ச்சொல்லாகக் கேட்பதைவிடப் பயன் மிக்கது.

கோரிக்கைக் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேற்போகக் கூடாது. அதில் கூத்தின் பெருமையைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் போதும். எத்தனை பிள்ளைகள், எந்த இடம், எந்த நாட்கள், யார் கற்பிப்பவர், எவ்வளவு பணம், எதற்கு என்பனவே மிகுதியை நிரப்பவேண்டும். எடுத்துக்காட்டாக, வாரத்தில் 2 வகுப்புகள் வீதம் 40 வாரங்களுக்கு 80 வகுப்புகள். ஒரு வகுப்புக்கு வளவாளர் கொடுப்பனவு 1,500 ரூபா என்று வைத்தால் ஆண்டுக்கு 120,000 ரூபா. மத்தளம் அடிப்பவர் வேறொருவரானால் அவருக்கும் தனியாகக் கணக்கிடுங்கள். மத்தளத்துக்குத் தோல் மாற்றுதல், ஒரு சோடித் தாளம், சதங்கை ஆகியவற்றுக்குச் செய்பவரிடம் விலையை எழுத்தில் பெற்று இணையுங்கள். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், சனசமூக நிலையத்தின் கடிதம், பிள்ளைகளின் வரவுப்பதிவேட்டின் ஒரு பக்கம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே மூன்று நிமிடப் பதிவொன்றை ஒரு பென் டிரைவில் கொண்டுசென்று, அந்த அலுவலரின் முன்னிலையிலேயே கேட்கச் செய்யுங்கள். கோப்புகளின் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒருவர் தம் பாட்டனார் பாடக்கேட்ட தருவை எதிர்பாராமல் கேட்கும்போது, அவருடைய முகம் மாறுவதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

அண்ணாவியாருக்குக் கொடுப்பனவு கேட்பதில் ஊரவரே தடை சொல்வதுண்டு. கலை சேவையல்லவா, அதற்குக் கூலியா என்பார்கள். கூத்துப் பழக்கிய காலமெல்லாம் ஊர் அவருக்கு நெல்லும் வேட்டியும் தட்சிணையும் கொடுத்தே வந்தது; இன்று அந்த ஏற்பாடு குலைந்த நிலையில், தோட்டக் கூலிக்குப் போகவேண்டிய நாளில் அவரை இலவசமாகப் பாடச் சொல்வது நியாயமாகாது. ஒரு தடவை எங்கள் குழுவுக்குக் கிடைத்த உதவித்தொகை முழுவதும் மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் மாலைகளுக்கும் செலவாகி, மூன்று மாதம் பழக்கிய பெரியவருக்கு ஒரு பொன்னாடை மட்டும் மிஞ்சியது. அந்த இரவு அவரைச் சைக்கிளில் ஏற்றி வீட்டில் விட்டவன் நான். அன்றிலிருந்து, வரவுசெலவுத் திட்டத்தின் முதல் வரி கற்பிப்பவரின் கொடுப்பனவாக இல்லாத எந்தக் கடிதத்திலும் நான் ஒப்பமிடுவதில்லை.

வாழும் பண்பாட்டு மரபுகளுக்கான யுனெஸ்கோ பட்டியலைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். 2018இல் இலங்கையின் ரூகட நாட்டியம் என்னும் பொம்மலாட்டம் அதில் இடம்பெற்றது. ஆனால் பரிந்துரை அரசு வழியாகவே செல்லவேண்டும். மரபு இப்போதும் எங்கே, யாரால் பேணப்படுகிறது என்ற ஆவணங்களும் வேண்டும். நீங்கள் எழுதிய பட்டியலும் பதிவுகளும் என்றாவது ஒருநாள் அதற்கும் உதவக்கூடும்; இப்போதைக்கு அதை நோக்கி ஓடவேண்டியதில்லை.

ஊர்ப் பணமும் கணக்கும்

அரசின் பணம் தாமதித்து வரும், சில ஆண்டுகளில் வராமலும் போகும். ஆகவே முதல் ஆண்டின் கொடுப்பனவில் பாதியையாவது ஊருக்குள் திரட்டிவிடுங்கள். கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், மாதர் அபிவிருத்திச் சங்கம், கோயில் பரிபாலன சபை, தேவாலயப் பங்குச்சபை ஆகிய ஒவ்வொன்றிடமும் ஒரு மாத வகுப்பைப் பொறுப்பேற்குமாறு கேட்பது, பெருந்தொகை கேட்பதைவிட எளிது. அறுவடைக் காலத்தில் நெல்லாகத் தருபவர்களிடம் நெல்லாகவே பெற்று, நிறுத்து, பற்றுச்சீட்டுக் கொடுங்கள். புலம்பெயர்ந்த உறவுகள் உதவ முன்வரும்போது, அவர்கள் பெரும்பாலும் விழாவுக்கும் உடுப்புக்குமே தர விரும்புவார்கள். அவர்களுக்கும் அந்தச் சிறு பதிவை அனுப்பி, இந்தக் குரலைக் கற்பிக்க ஓராண்டுக்கு இவ்வளவு வேண்டும் என்று எழுதினால் மனம் மாறுகிறார்கள்.

மாதமொருமுறை வரவும் செலவும் எழுதிய தாளைச் சனசமூக நிலையத்தின் கதவில் ஒட்டுங்கள். அண்ணாவியார் கொடுப்பனவு பெற்று ஒப்பமிட்ட வரியும் அதில் தெரியவேண்டும். அதே தாளின் பிரதியைக் கலாசார உத்தியோகத்தரிடமும் கையளியுங்கள்.

ஆண்டு முடிவில், பிள்ளைகள் நன்றாகப் பழகிய ஒரு தருவைத் தேர்ந்தெடுத்து, அண்ணாவியாரைப் பதிந்த அதே மர நிழலில், கருவியை அதே தொலைவில் வைத்து, அவர்களையும் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் திகதியையும் ஊரையும் சொல்லி, ஒவ்வொரு பிள்ளையையும் தன் பெயரைச் சொல்லவிடுங்கள். அந்தக் கோப்பை அவருடைய பதிவுக்கு அடுத்த இலக்கமிட்டு, அதே கோப்புறையில், மூன்று பிரதிகளாக வையுங்கள்.